வெள்ளிக்கிழமை உள்ள விமானம்

அமேசன் காட்டுக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னதாக என் மகள் இன்றைக்கும் சாதிக்கிறாள். எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. நெஞ்சைப் பிளந்து, காலிலிருந்து எடுத்த நாளத்தை இதயத்தில் ஒட்டுப்போட்டு, மறுபடி தைத்து மூடிய அன்று, மயக்க மருந்து பாதி தெளிந்த நிலையில் சொன்னேனாம். அதே நேரத்தில் பக்கத்தில் நின்ற தாதியை என் பழைய புவியியல் ஆசிரியை என்று நினைத்து, வீட்டுப்பாடம் செய்து வராததற்கு மன்னிப்பும் கேட்டேனாம். இரண்டாவதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். முதலாவதுக்கு மகள் டிக்கெட் வாங்கிவிட்டாள்.

நான் காடுகளைப் பற்றி நிறைய வாசித்தவன். வாசித்தவனுக்குக் காட்டுக்குப் போக வேண்டிய தேவை என்ன என்பது என் நெடுநாள் கட்சி. மெல்பேணில், கிளேட்டனில் உள்ள எங்கள் பின்வளவில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தாலே யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவேன். ஆனால் மகள் பொயிண்ட் குக்கில் இருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்து, டிக்கெட் உறையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இட்ஸ் யுவர் ட்ரீம்."

"ஆர் சொன்னது?"

"யூ டிட்."

இதய வைத்தியர் தடுப்பார் என்று நம்பிப் போனேன். அவர் என் மார்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, தானும் அங்கே போக வெகுநாளாக ஆசைப்படுவதாகச் சொன்னார்.

மிச்சமிருந்த தடை மனைவியின் விரதம். நான் அறுவைக்கூடத்தில் கிடந்த நேரத்தில் அவர் வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி, என் உயிருக்காக அம்மனுக்கு ஒன்பது வெள்ளி நேர்ந்திருந்தார். ஒன்பதும் தொடர்ச்சியாக வர வேண்டும். பொழுதுபடும் வரை சாப்பாடு இல்லை. பொழுதுபட்டதும் ஒரு நேரம் மரக்கறிச் சோறு. மறுநாள் விடியும் வரை மச்சம் மாமிசம், முட்டை எதுவும் வாயில் படக்கூடாது. ஒன்று தவறினால் திரும்பவும் ஒன்றிலிருந்து. ஏற்கெனவே இரண்டு தரம் முறிந்துவிட்டது. முதல் தரம் காய்ச்சலில். இரண்டாம் தரம் நாலாவது வெள்ளியன்று, யாரோ ஒருவருடைய பிறந்தநாள் கேக்கில் முட்டை இருக்கும் என்பது விழுங்கிய பிறகு நினைவுக்கு வந்து.

"எனக்கு இதுகளில நம்பிக்கை இல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"இல்லாதவருக்காகத்தானே பிடிக்கிறன். இருந்தால் நீங்களே பிடிப்பீங்கள்."

மூன்றாவது முயற்சியில் எட்டு வெள்ளி பிசகாமல் முடிந்திருந்தது. ஒன்பதாவது சரியாகப் பயண நாளில் வந்து விழுந்தது. மனைவி பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். உலகம் தெரிந்தவன் என்ற தோரணையில் நான் சொன்னேன்: "பிளேனுக்குள்ளயும் வெள்ளி வெள்ளிதான்."

வெள்ளி காலை மெல்பேணில் ஏறி, சிட்னியில் மாறி, ஓக்லண்டில் இறங்கி, பசிபிக் கடலைக் கடக்கும் பெரிய விமானத்தில் உட்கார்ந்தோம். அதுவரைக்கும் மனைவி தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தார். கிழக்கு நோக்கிப் பறந்ததாலோ என்னவோ, பொழுது அவசரப்பட்டுப் பட்டது. யன்னல் கறுத்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, சொல்லி வைத்திருந்த மரக்கறிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

"ஒன்பது," என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் எங்கள் கலியாண வீட்டிலும் கண்டதில்லை. கலியாண வீட்டில் அவருக்குக் கவலைப்பட நியாயம் இருந்தது.

கொஞ்ச நேரம் தூங்கி எழும்பினோம். யன்னலில் சூரியன். காலைச் சாப்பாடு வந்தது. எனக்கு ஒம்லெட்டும் இரண்டு கோழிச் சொசேஜும். மனைவிக்கு, முதல் நாள் சொல்லி வைத்த குற்றத்துக்காக, மறுபடியும் மரக்கறி: அவித்த போஞ்சியும் ஒரு உருளைக்கிழங்கும். என் இதய வைத்தியர் சொசேஜைப் பார்க்கவே வேண்டாம் என்றிருந்தார். இரக்கமும் சுயநலமும் ஒரே நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டன.

"விடிஞ்சிட்டுது. சனி வந்திட்டுது. என்ரைய எடும், நான் உம்மடையைச் சாப்பிடுறன்."

"வடிவாத் தெரியுமோ?"

"சூரியன் தெரியுதுதானே?"

தட்டுகளை மாற்றிக்கொண்டோம். ஒன்பது கிழமைப் பசியோடு அவர் சொசேஜைச் சாப்பிட்டார். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். விமானம் சாந்தியாகோவில் இறங்கத் தொடங்கியபோது ஒலிபெருக்கியில் ஒரு இனிமையான பெண் குரல், இப்போது உள்ளூர் நேரம் வெள்ளிக்கிழமை பகல் என்று அறிவித்தது.

மனைவி என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ, இவள் என்ன கிழமை எண்டு சொன்னவள்?"

"வெள்ளி."

"நேற்றல்லோ வெள்ளி."

"நேற்றும் வெள்ளிதான்."

தேதிக்கோடு பற்றி எனக்குத் தெரியும். பள்ளியில் படித்தேன், பிறகு பல இடங்களில் வாசித்தேன், விருந்துகளில் பிறருக்கு விளக்கியும் இருக்கிறேன். ஆனால் அறிவுக்கும் சொசேஜுக்கும் நடுவில் அது எங்கோ நழுவிவிட்டது. வாந்திப் பையை எடுத்து அதில் உலக உருண்டையை வரைந்து விளக்கத் தொடங்கினேன். விளக்க விளக்க எனக்கே குழம்பியது.

"இதில ஒரு கோடு இருக்கு. அதைத் தாண்டினால் ஒரு நாள் பின்னுக்குப் போகும்."

"ஆர் போட்ட கோடு?"

"ஒருத்தரும் போடேல்லை. கற்பனைக் கோடு."

"கற்பனைக் கோட்டால எப்பிடி உண்மையான வெள்ளி இரண்டாகும்?"

வாந்திப் பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும். இருக்கைப் பட்டியை இறுக்கிக்கொண்டு, என் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே, தழும்பு இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணக்கில், அந்தத் தையல் மறுபடி அவிழத் தொடங்கியிருந்தது.

அன்று மாலை, அதாவது இரண்டாவது வெள்ளி மாலை, அடுத்த விமானத்தில் போய் இறங்கிய லீமாவில் ஒரு தொலைபேசிக் கடையில் இருந்து மெல்பேணில் உள்ள எங்கள் கோயில் ஐயரை அழைத்தேன். மனைவி என் தோளோடு காது வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இஞ்ச சனி விடிஞ்சிட்டுது," என்றார் ஐயர். "எள்ளெண்ணெய் எரிக்க வரிசை நிக்குது. கெதியாச் சொல்லுங்கோ."

சொன்னேன். மறுமுனையில் கோயில் மணிச் சத்தத்துக்கு மேலாக ஐயர் குரலை உயர்த்தினார்.

"அப்ப அந்த மரக்கறியை ஆர் சாப்பிட்டது?"

"நான்."

"அப்ப இரண்டாவது வெள்ளி விரதம் நீங்களல்லோ பிடிச்சிருக்கிறீங்கள்."

"ஐயா, நான் அப்பிடி ஒண்டும் நினைச்சுச் சாப்பிடேல்லை. கொழுப்புக்காகச் சாப்பிட்டனான்."

"அது வேற. அம்மா எந்த ஊர் வெள்ளிக்கு நேர்ந்தவா? மெல்பேண் வெள்ளிக்கோ, போற இடத்து வெள்ளிக்கோ?"

நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி என்னைப் பார்த்தார். ஐயருக்கும் பதில் தெரியாது என்பது வெளிவராமல் வரிசையில் நின்ற பக்தர்கள் அவரைக் காப்பாற்றினார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். நாங்கள் போகிற இடத்தில் தொலைபேசி இல்லை என்றேன். "அப்ப வந்து கதையுங்கோ," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஒரு சின்ன விமானம் எங்களைக் காட்டோரப் பட்டினத்தில் இறக்கியது. அங்கிருந்து நாலு மணித்தியாலம் நீளமான மோட்டார் வள்ளம். ஆறு, பால் குறைந்த தேநீர் நிறம். எங்களுக்கு ரப்பர் சப்பாத்தும் மிதவைச் சட்டையும் தந்த வழிகாட்டி கொஞ்சம் ஆங்கிலம் பேசினான். கரையைக் காட்டி, "முதலை!" என்றான். நான் ஒரு மரக்கட்டையைக் கண்டு பரவசப்பட்டேன். பிறகு நான் ஒரு முதலையைக் காட்டினேன். அது மரக்கட்டை என்றான். நாலு மணித்தியாலமும் இப்படியே போனது. பஞ்சாபி உடுப்புக்கு மேல் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டிருந்த மனைவி இரண்டையும் பார்க்கவில்லை. மூச்சு வாங்குகிறேனா என்று என்னைத்தான் பார்த்தார். வள்ளத்தை விட்டு இறங்கிச் சேற்றுப் படிகளில் ஏறும்போது எனக்கு உண்மையிலேயே மூச்சு வாங்கியது. கிளேட்டன் ரயில் நிலையப் படிகளிலும் வாங்குவதுதான் என்று சொன்னேன். கேட்கவில்லை.

விடுதி மரக்கால்களில் நின்றது. ஓலைக்கூரை. எங்கள் அறைக்கு மூன்று சுவர்தான், நாலாவது பக்கம் காடு. கட்டி முடிக்கவில்லையா என்று கேட்டேன். இதுதான் விசேஷம் என்றான் வழிகாட்டி. இதைவிடக் குறைந்த சுவர்கள் உள்ள வீடுகளில் இருந்துதான் நாங்கள் சண்டைக் காலத்தில் தப்பி ஓடி வந்தோம் என்பதை அவனுக்கு விளக்க என் ஆங்கிலம் போதும், அவனுடையது போதாது.

நாலைந்து நாள் நடந்தோம். கிளிகள் மண் தின்றன. எறும்புகள் இலை சுமந்தன. வாசித்தபோது எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருந்தது. பார்த்தபோது வியர்வை மட்டும் இருந்தது. மனைவியின் கவலை வேறு. சாப்பாட்டுக் கூடத்தில் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார்:

"இண்டைக்கு என்ன கிழமை எண்டு அந்தத் தம்பியிட்டக் கேளுங்கோ."

கேட்டேன். அவன் விரல் விட்டு எண்ணி, வெள்ளி என்றான். பிறகு சந்தேகப்பட்டுக் குசினிக்குள் இருந்த சமையற்காரியைக் கேட்டான். வியாழன் என்றாள் அவள். தோட்டத்தில் நின்றவன் புதன் என்றான். என் கைக்கடிகாரம், நான் திருத்தப் போய்க் கெடுத்ததில், ஞாயிறு காட்டியது. நால்வரும் ஆளுக்கொரு நாளில் நின்றோம். கடைசியில் வழிகாட்டி ஒரு வழி சொன்னான்: பட்டினத்தில் இருந்து காஸ் சிலிண்டரும் முட்டையும் கொண்டு வரும் வள்ளம் வெள்ளியில்தான் வரும். அது வரவில்லை. ஆகவே இன்று வெள்ளி இல்லை.

அடுத்த நாள் வள்ளம் வந்தது. படகுக்காரன் படியில் சிலிண்டரை வைத்தபோது மனைவி குளித்து, தலை ஈரத்தோடு நின்றார். காலையில் இருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. சமையற்காரியிடம் போய்ச் சைகையால் கோழி, மீன், முட்டை மூன்றையும் செய்து காட்டி, மூன்றுக்கும் கையை ஆட்டினார். கோழியை அவர் நடித்தது ஒரு கிழமையில் நான் பார்த்த மிகச் சிறந்த வனவிலங்குக் காட்சி. சமையற்காரி விழுந்து விழுந்து சிரித்து, மாலையில் வெறும் சோறும் அவரை விதையும் வாழைக்காய்ப் பொரியலும் தந்தாள்.

"இது ஒன்பதோ, ஒண்டோ?" என்று கேட்டேன்.

"ஒண்டு."

"ஐயர் பஞ்சாங்கம் பாத்து ஏதும் சொல்லுவார். அதுக்குள்ள ஏன்?"

"அவருக்கு அது பஞ்சாங்கம். எனக்கு நீங்கள்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "திரும்ப ஒன்பது பிடிக்கிறன். அதுவரைக்கும் உங்களுக்கு ஒண்டும் வராது."

இதில் எங்கோ தர்க்கப் பிழை இருக்க வேண்டும் என்று தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் ஒன்பது கிழமை உறுதி என்று எனக்குள் ஒருவன் ஆறுதலாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டான். அவனை எனக்கு முன்பின் தெரியாது.

சனிக்கிழமை காட்டை விட்டு லீமாவுக்குத் திரும்பினோம். ஹோட்டலில் பையை அடுக்கும்போது திரும்பும் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். சாந்தியாகோவில் வியாழன் மாலை புறப்பாடு. சிட்னியில் சனி காலை வந்து சேருவது. மறுபடி பார்த்தேன். வாந்திப் பைப் படத்தை எடுத்து விரித்துப் பார்த்தேன். வரும்போது இரண்டாக வந்த வெள்ளி, போகும்போது ஒன்றாகக்கூட இல்லை. அவருடைய இரண்டாவது வெள்ளி கடலுக்கு மேல் எங்கோ காணாமல் போகப்போகிறது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் டிக்கெட் பார்ப்பவர் அல்ல. பகுத்தறிவுள்ள ஒருவன் அப்படித்தான் செய்திருப்பான். நான் திங்கள் காலை அவரையும் கூட்டிக்கொண்டு விமானக் கம்பனி அலுவலகத்துக்குப் போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் கழுத்தில் சிறு சிலுவை தொங்கிய ஒரு பெண்.

"எனக்கு வெள்ளிக்கிழமை உள்ள ஒரு விமானம் வேண்டும்," என்றேன் ஆங்கிலத்தில்.

"வெள்ளிக்கிழமை புறப்பட வேண்டுமா?"

"புறப்படுவது முக்கியம் இல்லை. வெள்ளிக்கிழமை இருக்க வேண்டும். முழுதாக. பொழுது படும் வரைக்கும்."

அவள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். "இதில் நீங்கள் ஒரு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விடுவீர்கள், ஐயா."

"தெரியும். அதுதான் பிரச்சினை."

அவள் மேலதிகாரியைக் கூப்பிடலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றித் தழும்பைக் காட்டினேன். பிறகு பின்னால் கதிரையில் இருந்த மனைவியைக் காட்டினேன். பிறகு வாயைக் காட்டி, கையை ஆட்டினேன். கோழியை நடிக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

அவள் தழும்பைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள். சட்டென்று சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள். "எங்கள் அம்மாவும் பிடிப்பார்," என்றாள். "வெள்ளியில் இறைச்சி தொடமாட்டார்." அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விசைப்பலகையில் தட்டி, வெள்ளி மாலை, சூரியன் மறைந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சாந்தியாகோவில் புறப்படும் விமானத்தில் இரண்டு இடம் போட்டுத் தந்தாள். சிட்னியில் ஞாயிறு காலை.

பொத்தானைப் பூட்டிக்கொண்டு திரும்பினேன்.

"என்னவாம்?" என்றார் மனைவி.

"வெள்ளி கிடைச்சிட்டுது. ஆனா சனி இல்லை."

அவர் டிக்கெட்டை வாங்கி முதல் தடவையாக வாசித்துப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். பத்து நாளுக்குப் பிறகு சிரித்தார்.

"சனிதானே, துலையட்டும். நீங்கள் மேல் பொத்தானையும் பூட்டுங்கோ, தடிமன் பிடிக்கும்."