திராட்சைக் கன்டெய்னரும் என் பெரியப்பாவும்

என் பெரியப்பா துறைமுகத்தில் சுங்க ஆய்வாளர். குளிர் கன்டெய்னர்களைத் திறந்து, காகிதத்தில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மீன், பழம், மருந்து எதுவானாலும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். வீட்டில் யாராவது ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு யோசித்தால், "என்ன, உள்ள சினிமா ஓடுதா? மூடு!" என்று முன்னறையிலிருந்தே கத்துவார்.

"வந்துட்டாரு ஆபீசரு. அப்படியே சீல் வச்சுட்டுப் போங்களேன்" என்பார் பெரியம்மா.

அப்படிப்பட்டவர் ஒரு கன்டெய்னரின் குளிர் மெஷினை நிறுத்தினார், திரும்ப ஓடவிட மறந்தார். அதற்குப் பிறகு நடந்ததை அவரே ஒருநாள் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

கதவைத் திறக்கும் முன் மெஷினை நிறுத்திவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் அதன் விசிறி வெளிச்சூட்டை உள்ளே இழுத்துவிடும். மெஷின் ஒரு முனையில், கதவு மறுமுனையில். மறக்காமல் இருக்கப் பெரியப்பா ஒரு வழி வைத்திருந்தார். நிறுத்தியதும் தன் தொப்பியைக் கழற்றி மெஷினின் ஸ்விட்சில் மாட்டிவிடுவார். திரும்ப ஓடவிட்ட பிறகுதான் தொப்பி தலைக்கு வரும். யார்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் 'பிளக்கு'. கன்டெய்னர்களுக்குக் கரன்ட் இணைப்புக் கொடுப்பதும், வேளாவேளைக்குச் சுற்றிவந்து ஒவ்வொன்றின் குளிர் அளவையும் நோட்டில் எழுதுவதும் அவர் பொறுப்பு. ஒப்பந்தக்காரரின் ஆள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாராம். "சாருக்கு மண்டை காயுது, சீக்கிரம் இறக்குங்கப்பா!" என்று பெட்டி தூக்குகிறவர்களை விரட்டிக்கொண்டே இருப்பார்.

அன்று சனிக்கிழமை. வந்திருந்தது திராட்சை. பாதிப் பெட்டிகளைப் பார்ப்பதற்குள் வெயிலில் பெரியப்பாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. போய்த் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி சீல் வைத்துவிட்டுக் கிளம்பினார். தொப்பி தலையில் இருந்ததால் மெஷின் ஓடுகிறது என்றே நம்பிவிட்டார்.

சாயங்காலம் பிளக்கு சுற்றிவந்தார். கூட இருப்பவர் லீவு. எண்பது கன்டெய்னருக்கு ஒற்றை ஆள். அத்தனை இரைச்சலில் ஒரு மெஷின் மட்டும் சத்தம் போடாதது எப்படிக் கேட்கும்? தூரத்திலிருந்தே பார்த்தார். ஸ்விட்சில் தொப்பி இல்லை. கிட்டே போகாமலே பழைய அளவை எழுதினார். மறுநாள் காலையிலும் அப்படியே. மத்தியானம் வேறொருவர் கண்டுபிடித்தபோது திராட்சை வியர்த்துக் கொழகொழவென்று ஆகிவிட்டிருந்தது.

விசாரணையில் மேலதிகாரி பெரியப்பாவிடம் கேட்டார்: "கிளம்பும்போது மெஷினை ஓட விட்டீங்களா?"

"வழக்கமா ஓட விட்டுட்டுத்தான் சார் வருவேன்."

அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். தொப்பியைப் பாதியிலேயே எடுத்தது அதற்குள் பெரியப்பாவுக்கு நினைவு வந்திருந்தது. பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை.

பிளக்கு ஒளிக்கவில்லை. "பார்க்காம எழுதினது தப்புதான் சார்" என்று ஒப்புக்கொண்டார். பாராமல் எழுதினவர்தான் மெஷினையும் நிறுத்தியிருப்பார் என்று முடிவாகி, வேலை போனது. போகிற அன்று பெரியப்பாவின் மேசைக்கு வந்தார்.

"சார், நீங்க ஓட விட்டுட்டுத்தானே போனீங்க? அப்போ பக்கத்து கன்டெய்னர் வயரை இழுக்கும்போது என் கை பட்டு நின்னுருக்குமோ?"

பெரியப்பா கையிலிருந்த காகிதங்களை அடுக்கினார். "இருக்கலாம்" என்றார்.

எங்களிடம் சொல்லும்போது இந்த இடத்தில் பெரியம்மா தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை. "மறந்தது மனுஷ புத்தி. ஆனா 'இருக்கலாம்'னு சொன்ன வாய் என் வாய்தானே?" என்றார்.

ஒரு வருடம் கழித்துத்தான் பிளக்கின் வீட்டைத் தேடிப் போனார். இரண்டே அறைகள். பிளக்கு ஒரு அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டார் போடுகிற வேலையில் இருந்தார். அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"வெளிய கிளம்பினா மூணு தடவை திரும்பி வர்றாரு சார். ஒவ்வொரு சுவிட்சா தொட்டுப் பாக்குறாரு. கல்யாணத்துக்குப் போனாலும் நாங்க பந்தி முடிஞ்சுதான் போய்ச் சேர்றோம்."

பெரியப்பா நின்றபடியே சொன்னார். "தம்பி, அன்னைக்கு மெஷினை ஓட விடாம போனது நான்தான்."

"அப்போ என் கை படல?"

"படல."

பிளக்கு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஒரு வருஷமா சார்?" என்றார். அவர் மனைவி அழவில்லை. "இதை இங்க வந்து சொன்னா? போய் அங்க சொல்லுங்க" என்றார்.

திங்கட்கிழமை பெரியப்பா நடந்ததை மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஒரு மெமோ வந்தது, ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது, அவ்வளவுதான். பிளக்கின் ஒப்பந்தக்காரர் மாறிப் போயிருந்தார். பிளக்கு பார்த்த வேலையில் புது ஆள் இருந்தார். பிளக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பெரியப்பா நாலைந்து முறை அலைந்தார். "பார்க்காம எழுதினவன்னு ஃபைல்ல இருக்கே சார்" என்றார்கள்.

அந்த வரி உண்மைதான். அதன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய வரி மட்டும் ஒரு வருடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.