நான் இருக்காத ஒருசந்தி

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலை, காக்ஸ் டவுனில் எங்கள் கோயிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. முழங்காலிட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தியதும் பீடம், ஜன்னல், கூட்டம் எல்லாம் சுழன்றன. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"டீச்சர் ஒருசந்தி விரதம். காலையிலேர்ந்து பல்லுல பச்சத்தண்ணி பட்டிருக்காது," என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

மதியம் வயிறு நிறையப் பிசிபேளாபாத் சாப்பிட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

"எவ்ளோ அடக்கம் பாரு," என்று குளுக்கோஸைக் கரைத்து என் வாயில் ஊற்றினார்கள். தின்றவள் நான். அதில்கூட என் பேச்சுக்கு மதிப்பில்லை.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? படுக்கையில் புரண்டாலே அறை சுற்றுகிறது என்று ஒரு வாரமாகக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தவக்காலம் முடிஞ்சா சரியாயிடும்," என்றார், என்னோடு உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிடுகிற மனிதர்.

தலைசுற்றலுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், காது என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். எப்போது சுற்றுகிறது என்று முதன்முதலாகக் கேட்டவர் காது டாக்டர்தான். உள்காதில் நுண்ணிய துகள்கள் இடம் மாறியிருப்பதாகச் சொல்லி, என்னைப் படுக்கவைத்துத் தலையை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பினார். சுற்றல் நின்றது.

ஞாயிறன்று கோயில் வாசலில் அதே அக்கா நலம் விசாரித்தார். "காதுதான் காரணம்கா. டாக்டர் சரி பண்ணிட்டார்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

"பாத்தீங்களா டீச்சர், நீங்க இருந்த ஒருசந்தி வீண்போகல."