இறக்கத்தில் ஒரு கொழுந்து லொறி

மலைநாட்டில் லொறி ஓட்டுபவர்கள் ஏறும்போது எஞ்சினை நம்புகிறார்கள், இறங்கும்போது அம்மனை நம்புகிறார்கள். பிரேக்கை நம்புகிறவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவுகளில் பறிக்கப்படும் கொழுந்தைக் கீழேயுள்ள தொழிற்சாலையில் சேர்ப்பது எங்கள் லொறியின் வேலை. என் மகன் கட்டாருக்குப் போனபோது அந்த லொறியையும் அதன் டிரைவர் முத்தையாவையும் என் பொறுப்பில் விட்டுச்சென்றான். விஞ்ஞான ஆசிரியையாக ஓய்வுபெற்ற எனக்கு இது நல்ல பொழுதுபோக்காக அமையும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். நீங்களும் லொறி வைத்திருப்பவராயின், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

பீலித் தண்ணீர்

இறக்கம் முடியும் வளைவில் ஒரு பீலி இருக்கிறது. மலையூற்று ஓயாமல் கொட்டும் அந்த இடத்தில் லொறியை நிறுத்தி, முகம் கழுவி, பின்பு புகைகிற சக்கரங்களுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பகுதி டிரைவர்களின் வழக்கம். கொதிக்கும் இரும்பில் குளிர்நீர் பட்டால் என்ன நேரும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். எங்கள் லொறியின் பின்சக்கர பிரேக் டிரம் ஒருநாள் அங்கேயே விரிசல் விட்டது. வேறு டிரம் வந்து சேரும்வரை மூட்டைகளிலிருந்த கொழுந்து வெயிலில் கிடந்து சூடேறிச் சிவந்து பாழானது.

சிறிய கியரில் இறங்கியிருந்தால் சக்கரம் புகைந்தே இராது என்று முத்தையாவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மல எறங்குனா நமக்கே தண்ணி கேக்குது டீச்சரம்மா. அத நிக்க வச்சுட்டு நாம மட்டும் குடிச்சா நல்லாவா இருக்கும்?"

சிவந்த கொழுந்து

அன்று தொழிற்சாலைக்கு நானே சென்றேன். கொழுந்தைத் தேயிலையாக்கும் பொறுப்பு முழுவதும் அங்குள்ள டீமேக்கருடையது. அவர் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். சூடு தாங்காமல் கையை எடுத்துக்கொண்டார். காரணங்களை வரிசையாக எடுத்துரைத்தேன். அவர் எதையும் மறுக்கவில்லை. இந்த வேலை கைவிட்டுப் போனால் எங்கள் லொறிக்கு நிரந்தரமான ஓட்டம் வேறில்லை. லொறியை விற்க வேண்டியதுதான். லொறி போனால் முத்தையாவுக்கும் வேலை இல்லை. இதை நானும் அறிவேன், வாசலில் நின்ற முத்தையாவும் அறிவார். டீமேக்கர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்றதெல்லாம் நாயந்தான் டீச்சர். ஆனா இன்னொரு தடவ கொழுந்து இப்படி வந்துச்சுன்னா நான் வேற லொறி பாத்துக்குவேன்."

காற்றுத் தொட்டி

பிரேக்குக்குக் காற்று தரும் தொட்டியில் மலைப்பனியின் ஈரம் தண்ணீராகச் சேரும். தினமும் காலையில் அடியிலுள்ள குழாயைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். டீமேக்கரின் எச்சரிக்கைக்குப் பிறகு இதை முத்தையாவின் தலையாய கடமையாக்கினேன். ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் "தொறந்தேங்க" என்றார். ஆயினும் பிரேக் மந்தமாகவே இருந்தது. ஒருநாள் நான் முன்னே நின்று திறக்கச் செய்தபோது, ஒரு குடம் நிறையும் அளவுக்குத் தண்ணீர் பீறிட்டது. இத்தனை நாளும் என்ன செய்தீர் என்று கேட்டேன்.

"நெசமாத்தான் தொறந்தேன் டீச்சரம்மா. தொறந்ததும் தண்ணி வந்துச்சு. ஐயையோ, டேங்கி ஒழுகுதேன்னு ஒடனே பூட்டிட்டேன்."

நல்ல பெட்டி

பிரேக் லைனிங் வாங்கப் பதுளைக்குச் சென்றேன். உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா மரியாதை தெரிந்தவர். எனக்கு நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, பளபளக்கும் பெட்டியொன்றை முன்னே வைத்தார். சாமான் அசலா, போலியா என்று நேரடியாகக் கேட்டேன். அவர் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் டீச்சர். பெட்டி ஒரிஜினல்."

அம்மனின் வாகனம்

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அம்மன் பவனி வருவது எங்கள் லொறியில்தான். வாழைமரம், வேப்பிலை, சாமந்தி மாலை அனைத்தையும் முன்புறத்தில் கட்டுவார்கள். அதாவது, ரேடியேட்டருக்குக் காற்றுப் போகும் வழியை முழுமையாக அடைப்பார்கள். முதல் ஏற்றத்திலேயே லொறி ஆவி கக்கி நின்றது. மறுநாள் கொழுந்து ஏற்ற வேண்டிய லொறி அது. மேளத்தை நிறுத்தச் சொல்லி, மாலைகளை அவிழ்த்துப் பக்கப்பலகைகளில் கட்டுவித்தேன். கோயில் தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"இவ்வளவு வெயில்ல அம்மாளே பேசாம ஒக்காந்திருக்கு. இந்த லொறிக்கு மட்டும் என்னங்க டீச்சரம்மா அவ்வளவு ரோசம்?"

பாஸுக்கு மரியாதை

பசறையில் எங்கள் லொறியைப் பார்க்கும் மெக்கானிக்கைப் பாஸ் என்றே எல்லோரும் அழைப்போம். ஒரு மாலை அவர் பின்சக்கரத்துக்குப் புது டயர் மாட்டி, நட்டுகளை இறுக்கி அனுப்பினார். மாற்றிய சக்கரம் சிறிது தூரம் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். முத்தையாவிடம் சொன்னேன், தலையாட்டினார்.

மறுநாள் கொழுந்து முழுவதையும் ஏற்றிக்கொண்டு இறங்குகையில் பின்னால் சக்கரம் ஆடியது. தாமதமானால் வேலை போய்விடும். தொடர்ந்து இறங்கினால் சக்கரமே போய்விடும். முத்தையா லொறியை மேட்டோரம் ஒதுக்கினார். முதலில் தொழிற்சாலைக்கும் பின்பு எனக்கும் தொலைபேசியில் தகவல் சொன்னார். நான் முச்சக்கரவண்டியில் போய்ச் சேர்ந்தபோது, நட்டுகளில் பாதி காணாமற்போயிருந்தன; மீதியைக் கையாலேயே கழற்ற முடிந்தது. ஏன் இறுக்கவில்லை என்று கேட்டேன்.

"பாஸ் இறுக்கினத நான் திரும்ப இறுக்கினா, அவர் வேலய நம்பலேன்னு ஆயிருமுங்களே டீச்சரம்மா. மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

டிராக்டர்

பதில் சொல்ல நான் வாயெடுக்குமுன் தொழிற்சாலை டிராக்டர் ஏறி வந்தது. டீமேக்கரே அதில் வந்திருந்தார். மூட்டைக்குள் கையை விட்டார்; இம்முறை கையை எடுக்கவில்லை. கொழுந்து இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது. ஆட்கள் மூட்டைகளை மாற்றத் தொடங்கினர். முத்தையா யாரையும் பார்க்காமல் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். இனி எங்கள் லொறி வரவேண்டுமா, வேண்டாமா என்பதை இப்போதே சொல்லிவிடும்படி டீமேக்கரிடம் கேட்டேன். அவர் ஆடிய சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேற லொறிக்குத்தான் மொதல்ல போன் பண்ணேன் டீச்சர். அது முந்தாநாள்ல இருந்து கராஜ்லயாம், ஒரு வார்த்த சொல்லல. ஒங்க ஆளாவது நிக்கப் போறேன்னு சொல்லிட்டு நின்னான். நாளைக்கும் இவனையே அனுப்புங்க."

ஆக, எங்கள் மலையில் ஒரு லொறியின் தொழில் நிலைப்பது அது பழுதாகாமல் ஓடுவதால் அன்று, அடுத்தவர் லொறி அதைவிட மோசமாகப் பராமரிக்கப்படுவதால்தான்.