மனுதாரர் வீட்டில் கை நனைக்கலாமா?

போன வாரம் செவ்வாய்க்கிழமை. கடையைத் திறந்து ஊதுபத்திகூடக் கொளுத்தவில்லை. ராசிங்காபுரத்திலிருந்து மச்சான் போன்.

"மாப்ளே, சோலி கெடந்தா கெடக்கட்டும். வெரசா கெளம்பி வா."

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். தோட்டமும் கிணறும் மாடுமாக வாழ்கிறவர். வானம் இடிந்தாலும் வெற்றிலையை மென்றுவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். அவர் குரலே நடுங்குகிறது என்றால்? போடியில் நான் நடத்தும் ஜீப்பு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன்.

வீட்டில் ஒரு ரிஜிஸ்டர் தபால். கோர்ட் நோட்டீஸ்! மச்சான் அதை என் மடியில் போட்டார்.

முழுக்க இங்கிலீஷ். என் பத்தாம் வகுப்புக்கு அது எட்டாது. ஆனால் பெயர்கள் எந்த மொழியிலும் பெயர்கள்தானே? வழக்குப் போட்டவர்களின் வரிசையில் ஒரு பெயர் – அருள். எதிர்த்தரப்பு வரிசையில் இன்னொரு பெயர் – சுகன்யா.

சுகன்யா என் அக்கா மகள். வனத்துறையில் ரேஞ்சர். அருள் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன். அவரும் ரேஞ்சர்தான். இருவரும் நேரடியாகப் பரீட்சை எழுதி, ஒரே பேட்சில் வேலைக்கு வந்தவர்கள்.

"தாலி கட்டுறதுக்கு முந்தியே கேஸப் போட்டுட்டானே மாப்ளே!" என்றார் மச்சான்.

வழக்கில் முதல் எதிர்த்தரப்பு அரசாங்கம். மச்சானின் கண்ணுக்கு அரசாங்கம் தெரியவே இல்லை.

அவர் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் பெண் வீட்டார், சம்பந்தம் உறுதியாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட மாட்டார்கள். என்றைக்கு இலையில் உட்கார்ந்து கை நனைக்கிறார்களோ, அன்றைக்குப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த வெள்ளிக்கிழமை அருள் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு!

இன்னொரு வழக்கமும் உண்டு. கோர்ட்டில் நமக்கு எதிராக நிற்கிறவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மச்சானுக்கும் அவருடைய பங்காளிக்கும் ஒரு வரப்புத் தகராறு கோர்ட்டில் கிடக்கிறது. பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் போனவர், பந்தலில் தலையைக் காட்டிவிட்டு வெறும் வயிற்றோடு வீடு திரும்பினார்.

"கேஸுக்காரன் வீட்டுல நான் எப்படி மாப்ளே இலை போட்டு உக்கார்றது? சம்பந்தமே வேணாம்னு சொல்லிருவோம்."

உள்ளே அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்படி என்ன கேஸ்? பிறகு விசாரித்துத்தான் எனக்கே புரிந்தது: சீனியாரிட்டி. அதாவது, ஒரே பேட்சில் யார் மூத்தவர் என்கிற தகராறு. பரீட்சையில் சுகன்யா முன்னால். வேலைக்குத் தேர்வான பிறகு நடந்த பயிற்சியில் அருள் முன்னால். எந்த மார்க்கை வைத்து வரிசை போடுவது? பரீட்சை மார்க்கை வைத்துப் போட்டுவிட்டார்கள். பின்னால் தள்ளப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள்.

பஸ்சில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவருக்கு சீட்டா, முண்டியடித்து ஏறி முதலில் உட்கார்ந்தவருக்கு சீட்டா? போடி பஸ் ஸ்டாண்டில் தினமும் நடக்கிற சண்டைதான். என்ன... இங்கே சீட்டு என்பது பதவி உயர்வு. வரிசையில் ஓரிடம் இறங்கினால், மேலே போக வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

"தம்பி, நீ ஒரு எட்டு மலைக்குப் போயி அந்தப் பையன்கிட்ட என்னா ஏதுன்னு கேட்டுட்டு வாயேன்," என்றாள் அக்கா.

நானா? எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். நேரில் பேசச் சொன்னால்..? கடையில் கடன் சொல்கிறவரிடம் முடியாது என்று சொல்லவே எனக்கு நாக்கு வராது.

மறுநாள் காலை போடிமெட்டு ஏறும் ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டேன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியும் கையுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்த டிரைவர். முன்சீட்டில் ஏறச் சொன்னான். அங்கே உட்கார்ந்திருந்த மூத்த அம்மாள் ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... பேசாமல் பின்னால் போய்விட்டேன். அந்த ஜீப்பில் முன்சீட்டு, தோட்டத்தில் அதிக வருஷம் வேலை பார்த்தவருக்குத்தானாம். சீனியாரிட்டியை ஆபீஸ் வியாதி என்று யார் சொன்னது?

"என்னண்ணே, கடையை விட்டுட்டுக் காய் எடுக்கக் கெளம்பிட்டீங்களா?" என்றான் டிரைவர்.

"எடுக்கட்டும்ப்பா," என்றாள் பக்கத்தில் இருந்த பெண். "ஏலக்காய் தரையோரத்துலதான காய்க்குது? குனிஞ்ச தல நிமிராத ஆளுக்கு ஏத்த வேலதான்!"

ஜீப்பே சிரித்தது. நானும் குனிந்தபடியே சிரித்தேன்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். அடுத்த வளைவில் அது சரியில்லை என்று தோன்றியது. மாற்றினேன். இறங்க வேண்டிய இடம் வந்தபோது மனதில் ஒன்றுமே மிச்சமில்லை.

காய்ந்த புல் சரிவில் தீ பரவாமல் இருக்க, நீளமாகத் தடம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அருள், சட்டையெல்லாம் கரியும் புழுதியுமாக.

"சும்மாதான் தம்பி... இந்தப் பக்கம் ஒரு சோலியா..."

மொட்டைச் சரிவில் எனக்கு என்ன சோலி? அவரே தனியாக அழைத்துப் போனார்.

"நோட்டீஸு வந்துருச்சா மாமா?"

தலையை ஆட்டினேன்.

"பாதிக்கப்பட்டவங்க அத்தன பேரும் சேந்து கையெழுத்துப் போட்டாங்க. நானும் போட்டேன். டிரெய்னிங்ல ராத்திரி பகலாக் கெடந்து வாங்குன மார்க்கு மாமா. அதைக் கணக்குல எடுக்க மாட்டோம்னா எப்படி?"

நான் மச்சானையும் பங்காளியையும் காதுகுத்தையும் பற்றிச் சொல்லி முடித்தேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

அருள் சட்டையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டார்.

"அவர் மனசு சங்கடப்பட வேணாம். என் பேரை வாபஸ் வாங்கிர்றேன் மாமா."

அடடா! ஒரே ஆளாகப் போய் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றிவிட்டேனே! இறங்கும்போதே சுகன்யாவுக்கு போன் போட்டேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"உங்கள யாரு மாமா போகச் சொன்னா?"

"இல்லத்தா, உங்கம்மாதான்..."

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அவன் எங்கிட்டதான் கேட்டான். நான்தான் போடுன்னேன். இப்ப அவன் வாபஸ் வாங்குனா, நாளைக்கு நான் மேல போறப்ப டிபார்ட்மெண்ட்ல என்ன பேசுவாங்க? பொண்டாட்டிக்காகப் புருஷன் விட்டுக் குடுத்தான்னு பேசுவாங்க. அப்போ நான் எழுதுன பரீட்ச? அவன் வாபஸ் வாங்குனா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

போனை வைத்துவிட்டாள்.

வாபஸ் வாங்காவிட்டால் அப்பா கல்யாணத்தை நிறுத்துவார். வாங்கினால் மகள் நிறுத்துவாள். என்ன செய்வீர்கள்? நான் கடையில் ஒருவருக்கு பிரேக் ஷூ கேட்டால் கிளட்ச் பிளேட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தால் நெஞ்சு அடித்தது. அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா அழுது கெஞ்சியதில் மச்சான், "வர்றேன். ஆனா கை நனைக்க மாட்டேன்" என்று வண்டி ஏறினார். போடியில் அருள் வீடு. வரிசையாக இலை போட்டுவிட்டார்கள். மச்சான் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றபடியே இருந்தார்.

"உக்காருங்க சம்பந்தி, சோறு ஆறுது," என்றார் அருளின் அம்மா.

"காலையில தின்னதே செமிக்கலம்மா..."

அருள் நிலைப்படியை விட்டு நகரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம்.

சுகன்யா! டூட்டியிலிருந்து நேராகப் பஸ் பிடித்து வந்திருக்கிறாள், காக்கி உடுப்போடு. கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவதா? அங்கிருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

அவள் அருளிடம் போனாள். "வாபஸ் வாங்கிட்டியா?"

"இன்னும் இல்ல."

"வாங்காத."

"இது என்ன பேச்சு ஆத்தா?" என்றார் மச்சான்.

"அப்பா, கேஸு யாரு மேல?"

"உன் மேலதான்."

"அப்போ இந்த வீட்டுல கை நனைக்கலாமா வேணாமான்னு யாரு சொல்லணும்?"

அவள் பூட்ஸைக் கழற்றினாள். கை கழுவினாள். முதல் இலையில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, சோத்தப் போடுங்க. பசிக்குது."

அந்த அம்மாள் ஒரு நொடி திகைத்தார். பிறகு சிரித்தபடி சோறு போட்டார். சுகன்யா பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மச்சான் மகளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். மெதுவாக அவள் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

இரண்டு கவளம் உள்ளே போன பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"யோசிச்சுப் பாத்தேன் மாப்ளே. யாரு ஜெயிச்சாலும் பெரிய பதவி நம்ம வீட்டுக்குள்ளதான வருது? இதுல எனக்கென்ன நட்டம்?"

இதை செவ்வாய்க்கிழமையே யோசித்திருக்கக் கூடாதா மனுஷன்?

முகூர்த்த நாள் குறித்தாகிவிட்டது. கேஸ் அடுத்து என்றைக்கு வரும் என்று தெரியவில்லை. ஒரே நாளில் இரண்டும் வந்து தொலைத்தால், மணமேடையில் யார் உட்காருவார்கள் என்ற கவலையில் எனக்கு இப்போது தூக்கமே வருவதில்லை!