பானுமதி அக்காவும் ஓணான்மேட்டு மனைக்கற்களும்

பானுமதி அக்கா எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். தர்பூசணி, மண்பானை, புதிதாகப் பூசிய சுவர், பஸ் ஜன்னல் கண்ணாடி, எதுவாக இருந்தாலும் வலது கை நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பார். விருத்தாசலத்தில் கழிப்பறைக் கோப்பை செய்யும் பீங்கான் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷம் செக்கிங்கில் இருந்தவர். சூளையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு கோப்பையையும் சின்ன மரச்சுத்தியால் தட்டுவதுதான் வேலை. கணீரென்று கேட்டால் நல்ல பீஸ். தொப்பென்று கேட்டால் உள்ளே எங்கோ கீறல் என்று அர்த்தம். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார்.

கோப்பைகளைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போய்விட்டது. இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட, உட்கார்ந்து பார்க்கும் வேலை ஏதாவது இருக்குமா என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். நான் நந்தகுமார். பாலக்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். அப்போதுதான் சென்னை நிறுவனம் ஒன்று எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. விருத்தாசலம், கம்மாபுரம், மங்களூர் ஒன்றியங்களில் இருக்கும் மேய்ச்சல் நிலங்களை ட்ரோனிலும் சாட்டிலைட்டிலும் எடுத்த படங்கள் வரும். பச்சைப்புல் எது, காய்ந்த புல் எது, முள்புதர் எது, வெறும் தரை எது என்று படத்தின் மேல் கோடு போட்டுப் பிரித்துக் காட்ட வேண்டும்.

"கம்ப்யூட்டர் தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க சார். கண்ணு நல்லாத் தெரியும்."

அழகான பதில்தான். ஆனால் அழகான பதிலுக்கெல்லாம் வேலை கொடுக்க முடியுமா? சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அவர் எழுந்து போகும்போது என் மேஜைக் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி, "இது கீறல் விட்டிருக்குது சார், கைய வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். நாலாம் நாள் அந்தக் கண்ணாடி இரண்டாகப் பிளந்து, டீ முழுவதும் என் பேன்ட்டில் கொட்டியது. அன்றைக்கு மத்தியானமே அக்காவுக்குப் போன் போட்டேன்.

மவுஸைப் பிடிக்க மூன்று நாள் ஆயிற்று. மற்றதெல்லாம் எங்களைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. எங்களுக்கு வரும் சில படங்களில் பச்சைப் புல் சிவப்பாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் எடுப்பதால் அப்படி. என்னிடம் வேலை பார்த்த பட்டதாரிகள் இரண்டு பேர் இதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் என் உயிரை வாங்கினார்கள். அக்கா அசரவே இல்லை. "சூளைக்குப் போறதுக்கு முன்னாடி கோப்பையில பூசுற நீலக் கலரு கூட வேற மாதிரிதான் சார் இருக்கும். பழகிக்கிட்டாப் போதும்" என்றார்.

காய்ந்த புல்லையும் வெறும் தரையையும் பிரிப்பதில்தான் எல்லோரும் கோட்டைவிட்டோம். பங்குனி வெயிலில் மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பழுப்பு. அக்கா மார்கழிப் படத்தையும் பங்குனிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மார்கழியில் செழிப்பாக இருந்து பங்குனியில் பழுப்பானால் அது புல், ஆட்டுக்கு ஆகும். இரண்டிலும் ஒரே நிறமென்றால் மண். இதைச் சென்னைக்காரர்களே எங்களுக்கு அனுப்பிய கையேட்டில் பதினோராம் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். நான் அதைப் படிக்கவில்லை, அவருக்குப் படிக்கத் தேவைப்படவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஓணான்மேடு வந்தது.

ஓணான்மேட்டில் எழுபத்திரண்டு ஏக்கர் மேய்ச்சல் நிலம். செம்மண் தரை, நடுவில் ஓர் ஓடை. ட்ரோன் படத்தை நானே திறந்தேன். தெற்குப் பக்கம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். நேர்வரிசையாக, குறுக்கும் நெடுக்குமாக, கட்டம் கட்டமாக. தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? சேத்தியாத்தோப்புக்குப் பஸ்ஸில் போனால் வழிநெடுக அதைத்தானே பார்க்கிறோம்? "வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்டது" என்று மொத்த நிலத்தையும் குறித்து முதல் பட்டியலில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். யாரோ புறம்போக்கை வளைத்து மனை போட்டுவிட்டான் என்று கடையில் நாலு பேரிடம் நாட்டைத் திட்டவும் செய்தேன்.

அந்தப் பட்டியல் சாதாரணமானதல்ல. அதில் மேய்ச்சல் நிலம் என்று குறித்த நிலத்துக்கு அரசுப் பாதுகாப்பு தொடரும், தண்ணீர்த் தொட்டி வரும். அப்படிக் குறிக்காத நிலத்தை வேறு காரியத்துக்கு ஒதுக்கிவிடலாம். திருத்தம் செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள். இது செவ்வாய்க்கிழமை.

திரும்பி வந்தபோது அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

"சார், இது மனைக்கல்லு இல்ல."

"பின்ன என்னக்கா?"

"எங்க கம்பெனி பீஸு."

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். எனக்கு வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது. அவருக்குக் கவிழ்த்து வைத்த முட்டை வடிவ விளிம்பு தெரிந்தது, பின்பக்கத்து வளைவு தெரிந்தது, மாடல் நம்பர் கூடத் தெரிந்திருக்கும். ஓணான்மேட்டு ஆட்டுக்காரர்கள் வருஷக்கணக்காகக் கம்பெனியின் பின்கேட்டுக்கு வந்து, அவர் குறி போட்டுத் தள்ளிய கோப்பைகளைக் கேட்டு வாங்கிப் போவார்களாம். "ஆடு மேய்க்கிறவங்களுக்கு எதுக்கு இத்தினி கக்கூஸுன்னு நானும் யோசிச்சிருக்கேன். வூட்டுக்கு வூடு கீறலு வுட்ட கோப்பையா வெச்சிருக்காங்க, பாவம்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அனுப்பிய பட்டியலைத் திரும்பக் கேட்பது யாருக்குப் பிடிக்கும்? நூற்று நாற்பது கழிப்பறைக் கோப்பைகளை வெட்டவெளியில் யார் வரிசையாக அடுக்குவான், மூளை இருக்கிறதா என்று குரலை உயர்த்தினேன். அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வண்டி எடுங்க சார், போயி தட்டிப் பாத்துடலாம்" என்றார்.

போனோம். பதினான்கு கிலோமீட்டர். அனல் காற்று. வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். மேட்டில் ஏறி வண்டியை நிறுத்தியதும் முணுமுணுப்பு நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கழிப்பறைக் கோப்பைகள். குப்புறக் கவிழ்த்து, பத்தடிக்கு ஒன்றாக, நூல் பிடித்தது போல. வரிசைக்கு இந்தப் பக்கம் தரை மொட்டை. அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல், பொன்னிறமாக. அக்கா முதல் கோப்பையைத் தட்டினார். தொப். "நான் தள்ளுன பீஸுதான்" என்றார் நிம்மதியாக.

ஒரு வேலமர நிழலிலிருந்து காத்தவராயன் எழுந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது, அறுபது செம்மறிக்குச் சொந்தக்காரர். அக்காவைப் பார்த்ததும், "அட, பின்கேட்டு அம்மாவா!" என்று தலைத்துண்டை அவிழ்த்தார்.

"இது என்னண்ணே?" என்று கேட்டேன்.

"அடைப்பு சார். கார்த்திகை முடிஞ்சதும் ஒரு பக்கத்த அடைச்சுடுவோம். சித்திரை பொறக்குற வரைக்கும் ஒரு ஆடு உள்ள போவக் கூடாது. அதுக்குள்ள மத்த பக்கமெல்லாம் மொட்டையாப் பூடும். அப்புறம் மழை வர்ற வரைக்கும் இந்தக் காஞ்ச புல்லுதான் அதுங்களுக்குச் சோறு. மொத்தமாத் தொறந்தா ஒரே வாரத்துல தீத்துடும்னு மூணு பாத்தியாப் பிரிச்சு வெச்சிருக்கோம்."

"வேலி போட்டிருக்கலாமே?"

"முள்ளு வெச்சா வெறகுக்குத் தூக்கிட்டுப் போறாங்க. கல்லு வெச்சா அஸ்திவாரத்துக்குத் தூக்கிட்டுப் போறாங்க. கீறலு வுட்ட கக்கூஸு கோப்பைய எவன் சார் தூக்குவான்?"

பத்தடி இடைவெளியில் ஆடு புகுந்துவிடாதா என்று கேட்டேன். கோப்பை ஆட்டைத் தடுக்க இல்லையாம், ஆட்டுக்காரருக்கு எல்லை காட்டத்தானாம். கோப்பைக்கு அப்பால் ஆடு புகுந்துவிட்டால், ஆட்டுக்காரர் கம்பெனிக்குப் போய் இன்னொரு கோப்பை வாங்கி, தலையில் வைத்து ஊர் வழியாகச் சுமந்து வந்து வரிசையில் வைக்க வேண்டும். அதுதான் ஊர்க் கட்டுப்பாடு. "இது கருப்பன் வெச்சது. இதுவும் கருப்பன். அங்க தெரியுது பாருங்க நாலு, அதுவும் கருப்பன்தான். அவன் ஆடு சொல் பேச்சு கேக்காது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு, நான் குறித்து அனுப்பியதைச் சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம். ஆனால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காத்தவராயன் முகம் சுருங்கியது. "இத்த எடுத்துட்டா அறுபது ஆட்ட ஓட்டிக்கிட்டு நான் எங்க சார் போவேன்? வித்துட்டு சும்மா குந்த வேண்டியதுதான்" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அங்கிருந்தே சென்னைக்குப் போன் செய்தேன். எங்கள் வேலைக்குப் பொறுப்பாளர் மதிவாணன். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "சார், நீங்க இன்னிக்கு எடுக்கிற போட்டோவ வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நேத்து ராத்திரி கல்ல எடுத்துட்டு இதுங்களக் கொண்டாந்து அடுக்கினாங்கன்னு ஒருத்தர் கேட்டா நான் என்ன சொல்றது? நம்ம வேலை படம். படத்துலயே காட்டுங்க, மாத்திடலாம்" என்று வைத்துவிட்டார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அக்கா காத்தவராயனிடம், "வருஷா வருஷம் இதே எடத்தத்தான் அடைப்பீங்களா?" என்று கேட்டார்.

"அது எப்படிம்மா? மாத்தி மாத்தித்தான். போன வருஷம் கெழக்கால. அதுக்கு முந்தி ஓடைக்கு அந்தாண்ட."

அக்கா என் தோளைத் தட்டினார். என்னையும் தட்டிப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். "கெளம்புங்க சார்" என்றார்.

புதன்கிழமை முழுவதும் பழைய சாட்டிலைட் படங்களைத் தோண்டினோம். அவற்றில் தனித்தனிக் கோப்பை தெரியாது. கோடு தெரிந்தது, வெள்ளை நூல் இழுத்தது போல. முந்திய வருஷம் கிழக்கே. அதற்கு முந்திய வருஷம் ஓடைக்கு அப்பால். அந்த வருஷம் தெற்கே. கோடு எங்கே இருந்ததோ அங்கே உள்ளே மட்டும் கோடை வரை புல் நின்றிருந்தது. மூன்றையும் ஒரே திரையில் வரிசையாக வைத்து, மதிவாணனை வீடியோவில் கூப்பிட்டோம்.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. "மனைக்கல்லு நடக்குமா சார்?"

மதிவாணன் மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "திருத்தப் படிவம் அனுப்புறேன், ஃபில் பண்ணுங்க" என்றார்.

படிவத்தில் ஒரு கட்டம், 'தவறுக்குக் காரணம்'. 'படத்தில் தெளிவின்மை' என்று தட்டச்சு செய்தேன். பின்னால் நின்ற அக்கா மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார். புதுக் கண்ணாடிதான், கீறல் ஏதும் இல்லை.

"தொப்புன்னு கேக்குது சார்" என்றார்.

அழித்துவிட்டு எழுதினேன்: 'நேரில் பார்க்காமலும் முந்திய படங்களுடன் ஒப்பிடாமலும் நந்தகுமார் குறித்தது.' வெட்கமாகத்தான் இருந்தது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதியபோது வெட்கம் கொஞ்சம் குறைந்தது. வியாழக்கிழமை மாலை, எழுபத்திரண்டு ஏக்கரும் மேய்ச்சல் நிலமாகப் பட்டியலுக்குத் திரும்பியது.

அதோடு முடிந்தது என்று இருந்தேன். சித்திரை முதல் நாள் அடைப்பைத் திறக்கும்போது வரச் சொல்லிக் காத்தவராயன் அழைத்திருந்தார். போன இடத்தில் ஊரே கூடி நின்றது. "சார், உங்க கோடு எங்க அடைப்புக்குள்ள பூந்துச்சா இல்லியா?" என்றார். புகுந்தது என்றேன். "அப்ப கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்."

அக்கா காலையிலேயே கம்பெனிக்குப் போய் ஒரு கோப்பையைத் தேர்ந்தெடுத்து ஆட்டோவில் ஊர் எல்லைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். இருந்ததிலேயே கனமானது அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதைத் தலையில் சுமந்துகொண்டு ஓணான்மேட்டுத் தெரு முழுக்க நடந்தேன். பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். எல்லோரையும்விடக் கருப்பன்தான் அதிகமாகச் சிரித்தான். என்னதான் இருந்தாலும், வரிசையின் தென்மேற்கு மூலையில் அதைக் கவிழ்த்து வைத்ததும், முதல் பாத்திக்குள் ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு இறங்கியதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்த வருஷப் படம் போன வாரம் வந்தது. கோடு மேற்கே நகர்ந்திருக்கிறது. நான் புல்லைப் பார்ப்பதற்கு முன் தென்மேற்கு மூலைக்குப் போனேன். என் கோப்பையையும் மறக்காமல் தூக்கி வந்து, புது வரிசையிலும் அதே மூலையில் வைத்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அக்கா வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பிளாட்டு போட்டுட்டாங்க போல இருக்குதே சார்" என்றார்.