ரிப்பன் கட்டிய பிரசவ அறை

ஊருக்குப் பெரிய காரியம் செய்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம் அது. எழுபதுகளில், சிங்கப்பூரில் எங்கள் பேட்டைப் பெண்கள் சேர்ந்து ஒரு மாதர் சங்கம் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வடை சுட்டு, முறுக்கு பிழிந்து, கோயில் வாசலில் விற்போம். வந்த காசில் தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சு, ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில் என்று அனுப்புவோம். எண்ணெய் தெறித்துத் தெறித்து என் கையெல்லாம் தழும்பு. சும்மா சொல்லக்கூடாது, எல்லோரும் மாடாக உழைத்தோம்.

எனக்கு ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே ஆஸ்பத்திரி என்ற பெயரில் ஓர் ஓட்டுக் கட்டடம் இருந்தது. பிரசவமெல்லாம் வராந்தாவில்தான், புடவையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு. அந்த வெட்கக்கேட்டைச் சொல்லிச் சொல்லிச் சங்கத்தில் மன்றாடி, ஒரு பிரசவ அறை கட்ட வைத்தேன். கட்டில், ஆக்ஸிஜன் சிலிண்டர், பிறந்த குழந்தையின் தொண்டைச் சளியை உறிஞ்சி எடுக்கும் மெஷின் எல்லாம் வாங்கிப் போட்டோம். சித்திரையிலேயே வேலை முடிந்துவிட்டது என்று சேதி வந்தது.

ஆடியில் ஊருக்கு வந்தேன். தம்பி பெண்டாட்டி நிறைமாதம். தாயில்லாப் பெண். முதல் குழந்தை பிறந்து கண் திறக்காமலே போய்விட்டது. இதுவாவது தங்க வேண்டுமே என்று அவள் வேண்டாத சாமியில்லை. ஆடிக் கிருத்திகை அன்று மதியம் வலி எடுத்தது. "பயப்படாத கண்ணு, நாம கட்டுன ரூமு கீது" என்று வண்டியில் வழியெல்லாம் தேற்றிக்கொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால் அறைக் கதவில் பூட்டு. பூட்டுக்கு மேலே ரோஸ் நிறத்தில் ரிப்பன். நர்சம்மா வராந்தாவில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நர்சம்மா, இன்னும் தொறக்கலியா?"

"எப்பிடிக்கா தொறக்கறது? ஒங்க சங்கத்துத் தலைவியம்மா வந்து ரிப்பன் வெட்டுற வரைக்கும் யாரும் உள்ள கால் வெக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனியில வரேன்னாங்க, வரல. இப்ப ஆடி. ஆடியில எவன் தொறப்பு விழா வெப்பான்? இனிமே ஆவணிதான்."

"சாவி எங்க?"

"பஞ்சாயத்துத் தலைவரு கிட்ட. அவரு காவடி எடுத்துக்கினு வல்லக்கோட்டைக்குப் போயிட்டாரு."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி எங்கள் தலைவி! தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் பறந்தான். பூட்டை உடைக்கிறேன் என்று கிளம்பிய என்னை நர்சம்மா கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தாள். "என் வேலை போயிடும்க்கா. அவரு வந்துடட்டும்."

தம்பி வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டு, சாரல் பாய் மேலேயே அடித்தது. ஆண் குழந்தை. நீலம் பாரித்திருந்தது, அழவில்லை. நர்சம்மா தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். தன் வாயை வைத்தே சளியை உறிஞ்சித் துப்பினாள். அப்புறம் அந்தக் கதவைப் பார்த்தாள். "மெஷினு உள்ள கீதேக்கா!"

கிடைத்த கல்லை எடுத்துப் பூட்டில் போட்டேன். எத்தனை போட்டேனோ தெரியாது. பூட்டு தெறித்தது, ரிப்பன் காலில் மிதிபட்டது. மெஷினைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். மெஷினை வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். நர்சம்மா குழந்தையை என் மடியில் கிடத்திக் குழாயை வைத்தாள். கொஞ்ச நேரம் முயன்றாள். பிறகு துணியால் முகத்தை மூடிவிட்டாள்.

பாயில் கிடந்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அண்ணி, ஏன் அண்ணி அழுவுற சத்தமே கேக்கல?"

ஆவணியில் வேறு பூட்டு, வேறு ரிப்பன். தலைவி போய்ப் பட்டுப்புடவை சரசரக்க வெட்டிவிட்டு வந்தாள். நானும் அதற்குள் சிங்கப்பூர் திரும்பியிருந்தேன். அடுத்த கூட்டத்தில் திறப்பு விழாப் போட்டோக்கள் கைக்குக் கை மாறின. ஒரே கைதட்டல். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, வராந்தாவில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "உங்க ஒரு போட்டோவுக்காக என் தம்பி பிள்ளை செத்துதும்மா. நல்லா இருங்க!" என்று கத்தினேன்.

தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழப்போகிறாள், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"பாவம்தான். ஆனா ஒண்ணு, நல்ல வேளையா உள்ளே பொறந்து போகல. தொறக்கிறதுக்கு முன்னாடியே அந்த ரூம்ல ஒரு சாவு விழுந்திருந்தா, அபசகுனம்னு எவளும் அங்கே வந்திருக்க மாட்டா" என்றாள்.

என் கை தானாக ஓங்கியது. பக்கத்திலிருந்தவள் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். பாவி, விட்டிருக்கலாம்.