படம் என்று மட்டும் காட்டிய திரை

மட்டாஞ்சேரியில் எங்கள் மிளகு மண்டியின் ஷட்டரைத் தூக்கும்போதே போன் வந்தது. லலிதா மன்னி. "கோபீ, அவர் போயிட்டார்டா. காலம்பற சாயா கொண்டுபோனேன், எழுந்துக்கவே இல்லை." பாதி தூக்கிய ஷட்டரை மறுபடி இறக்கினேன்.

மன்னியின் கணவர் விஸ்வநாதன் அவர்களை நாங்கள் மலையாளத்து அண்ணன் முறையில் விசுவேட்டன் என்றுதான் அழைப்போம். பாலக்காட்டுத் தமிழர். மண்டியில் எனக்குப் பக்கத்து மேசை. அவர் கணினியில் எழுத்தை மட்டும் காட்டும் பிரவுசர் ஒன்று வைத்திருந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'படம்' என்ற சொல் மட்டும் நிற்கும். மழைக்காலத்தில் எங்கள் திரைகளில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் அன்றைய மிளகு விலையை வாசித்தே முடித்திருப்பார்.

நான் கேலி செய்தால், "படம் பாக்கணும்னா சினிமாக்குப் போடா. நமக்கு வெலை தெரிஞ்சாப் போரும்" என்பார்.

பரீட்சை முடிவு வரும் நாளில் தெருவே அவர் மேசையைச் சூழ்ந்து நிற்கும். தோற்ற பிள்ளையை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்வார்.

சென்ற ஆண்டு அவருக்கு இதய வால்வு பழுதென்றார்கள். வெளியூர் நிபுணர்தான் அறுவை செய்ய வேண்டும். அவர் வரும் நாளை ஆஸ்பத்திரி தன் இணையப் பக்கத்தில் அறிவிக்கும்; முந்திப் பதிபவர்களுக்கே இடம். விசுவேட்டன் தினமும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வந்திருக்கலை" என்பார். மன்னிக்கு மனசு கேட்கவில்லை. "நீயும் ஒண்ணு நோக்கேன், கோபி" என்றார்.

கைபேசியில் திறந்தேன். அறிவிப்பைப் படமாகப் போட்டிருந்தார்கள். நிபுணர் வந்து போயும்விட்டார். அந்தப் பக்கம் முழுக்கச் சிரிக்கும் டாக்டர்களின் படங்கள். அவர் திரையில் எல்லாமே வெறும் 'படம்'; இதுவும் அப்படி ஒன்றென்று விசுவேட்டன் தாண்டிப் போயிருக்கிறார்.

என் கைபேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எழுத்தாப் போட்டிருந்தா படிச்சிருப்பேனேடா" என்றார். யாரையும் திட்டவில்லை. எனக்குத்தான் ஆத்திரம், இன்னும் ஆறவில்லை. அடுத்த அறிவிப்புக்குக் காத்திருந்தார். அது வரவே இல்லை. தலையெழுத்து என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

தகனம் முடிந்த மறுநாள் அவர் கணினியைத் திறந்தேன். வியாபாரிகள் சங்கம் தன் பக்கத்தில் இரங்கல் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். கறுப்புத் திரையில் வந்தது ஒரே சொல்: [படம்]. அவர் முகம், பெயர் எல்லாம் அதற்குள்ளே போய்விட்டன.

அதனால் இந்த அஞ்சலியோடு புகைப்படம் வைக்கவில்லை. போய் வாருங்கள், விசுவேட்டா. இது முழுக்க எழுத்துதான். உங்கள் திரையில் வரும்.